நிறுத்திவைக்கப்பட்ட வாக்கியம்

2022 ஜனவரி 29ந் தேதி பாரத ஸ்டேட் வங்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதை நான் இலக்கிய விமர்சனம் சம்பந்தப்பட்ட ஆவணமாகவே எடுத்துக்கொள்கிறேன். வேலைக்குத் தேர்வான பெண்களின் மருத்துவத் தகுதி பற்றித் தான் புதிதாக வகுத்த விதிகளைப் பெண்களுக்கு எதிரானவை என்று பத்திரிகைகளில் ஒரு பகுதி அர்த்தம் செய்துகொண்டிருப்பதாகவும், பொதுமக்களின் உணர்வைக் கருதி அவற்றை நிறுத்திவைப்பதாகவும் வங்கி அதில் சொல்லியிருந்தது. அதாவது எழுதியவன் எழுதியது சரி. வாசகன்தான் தப்பாக வாசித்துவிட்டான். அவன் மனம் புண்பட்டிருப்பதால் பிரதியைக் கொஞ்ச நாள் அலமாரியில் வைக்கிறேன். நம் கவிஞர்கள் சிலர் மதிப்புரைகளுக்கு எழுதும் பதில் கடிதங்களின் தொனி இது.

சுற்றறிக்கையில் இருந்தது என்ன? கர்ப்பம் மூன்று மாதத்துக்கு மேற்பட்டிருந்தால் விண்ணப்பதாரர் தற்காலிகமாகத் தகுதியற்றவராகக் கருதப்படுவார். குழந்தை பிறந்து நான்கு மாதத்துக்குள் வேலையில் சேர அனுமதிக்கப்படலாம். மூலம் ஆங்கிலம், தமிழ் என்னுடையது. 'கருதப்படுவார்', 'அனுமதிக்கப்படலாம்' என்ற இரண்டு வினைகளிலும் செய்கிறவன் கிடையாது. இந்த நடையோடு பதினோரு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவன் என்பதால் எனக்கு அதன் சுபாவம் கொஞ்சம் தெரியும். பணம் தருகிறபோது அதில் எழுவாய் கம்பீரமாக வந்து நிற்கும். மறுக்கிறபோது எழுவாய் பின்வாசல் வழியாகப் போய்விடும். கருதுகிறவர் யார், எதைக் கொண்டு கருதுகிறார் என்று வாக்கியத்திடம் கேட்க முடியாது.

இதைவிட முக்கியமானது 'தற்காலிகமாக' என்ற சொல். கால் முறிந்தவனும் காமாலை வந்தவனும் தற்காலிகமாகத் தகுதியற்றவர்கள், குணமானதும் வரலாம். கர்ப்பத்தையும் அதே வரிசையில் கொண்டுபோய் உட்காரவைக்கிற காரியத்தை இந்த ஒற்றைச் சொல் செய்துவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் சில மாதத் தாமதம், அவ்வளவுதானே என்று தோன்றும். ஆபீஸ் என்பது சீனியாரிட்டியின் மேல் கட்டிய வீடு. பின்னால் சேர்கிறவள் பட்டியலில் கீழே இறங்குகிறாள். பட்டியல் பிறகு முப்பது வருஷம் பேசும். பரீட்சை எழுதித் தேறிய ஒருத்தியிடம், எங்கள் கணக்கில் உன் வயிற்றுக்கும் ஒரு மதிப்பெண் உண்டு என்று சொல்வதை வாக்கியம் ஒரு வைத்தியக் குறிப்பைப் போலச் சொல்லிவிடுகிறது.

பத்திரிகைகள் இதற்கு என்ன செய்தன? முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அவை கூச்சல் போட்டிராவிட்டால் அந்தச் சுற்றறிக்கை நின்றிருக்காது. டெல்லி மகளிர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியதும், வங்கி பின்வாங்கியதும் ஒரே நாளில் நடந்தன. நமது சிறுபத்திரிகைகள் ஐம்பது வருஷம் எழுதி ஒரு வங்கியை ஒரு அங்குலம் நகர்த்தியதில்லை. ஆகவே தினசரிகளைப் பார்த்து முகம் சுளிக்கிற நம் வழக்கமான சௌகரியத்துக்கு இங்கே இடமில்லை.

ஆனால் செய்தி வளர்ந்த வரிசை கவனிக்கத்தக்கது: சர்ச்சை, கண்டனம், நோட்டீஸ், வாபஸ். சுற்றறிக்கை என்ற பிரதி இந்த நான்கில் எதிலும் இல்லை. அதைச் சுற்றி நடந்த சண்டை இருக்கிறது. யார் கண்டித்தார், யார் பதில் சொன்னார் என்பது இருக்கிறது. கூடவே ஒரு படம் இருக்கும், எல்லோரும் பார்த்திருப்பீர்கள்: கழுத்துக்கு மேலே வெட்டப்பட்ட ஒரு பெண் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். முகம் கிடையாது. பரீட்சை எழுதிய கையும் அந்தப் படத்தில் வயிற்றைப் பிடிக்கத்தான் பயன்படுகிறது. தகுதியற்றவள் என்று சொன்ன சுற்றறிக்கையும், ஐயோ பாவம் என்று சொன்ன செய்தியும் அவளை ஒரே இடத்தில்தான் பார்த்தன என்று எனக்குப் படுகிறது.

'வாபஸ்' என்ற சொல்லையும் பார்க்க வேண்டும். வங்கி சொன்னது நிறுத்திவைப்பு. கவுண்டரில் உட்காருகிறவனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். ஸ்டாப் பேமெண்ட் கொடுத்த செக் வேறு, கிழித்துப் போட்ட செக் வேறு. முன்னதை ஒரு கடிதத்தில் மறுபடி உயிர்ப்பிக்கலாம். மேலும், பழைய விதியே தொடரும் என்றது வங்கி. அந்தப் பழைய விதி என்ன? ஆறு மாதம் வரையிலான கர்ப்பிணிகள், மகப்பேறு நிபுணரின் சான்றிதழைக் கொடுத்துச் சேரலாம் என்பது. அப்படியானால் ஏழாவது மாதத்தில் இருப்பவளின் நிலை என்ன? மூன்று மாதம் என்றால் பாகுபாடு, ஆறு மாதம் என்றால் நடைமுறையா? 'வாபஸ்' என்று தலைப்புப் போட்டதும் இந்தக் கேள்வி கேட்பாரற்றுப் போயிற்று. ஐந்து மாதம் கழித்து, 2022 ஜூனில், சென்னையில் தலைமை அலுவலகம் கொண்ட இந்தியன் வங்கியின் விதி செய்தியாயிற்று: பன்னிரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆன கர்ப்பம் என்றால் தற்காலிகத் தகுதியின்மை, பிரசவமாகி ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனை. மாதங்கள் வாரங்களாயிருந்தன, மற்றபடி அதே வாக்கியம். அதே சர்ச்சை, அதே நோட்டீஸ். பத்திரிகைகளுக்கு அது புதுச் செய்தியாக இருந்தது.

எங்கள் கிளையில் ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா இதைப் படித்துவிட்டுப் பேப்பரை என் மேஜையில் போட்டார். "இதுல நியூஸ் என்னப்பா இருக்கு? நான் சேர்றப்போ ஃபாரத்துலயே கேட்டாங்களே, கடைசியா எப்போ விலக்கானேன்னு. தேதி போட்டுக் குடுத்தேன்" என்றார். கோபமாகக்கூட இல்லை. உள்ளே இருப்பவர்களுக்குப் பழக்கமாகிப்போன ஒன்று வெளியே அதிர்ச்சியாக விற்கப்படுவதைப் பார்க்கிற சலிப்பு.

அவர் சொன்ன ஃபாரம் கற்பனையல்ல. அதே மாதிரி ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. நீரா மாத்தூர் வழக்கு. ஆயுள் காப்பீட்டுக் கழகம் 1989ல் வேலைக்கு எடுத்த பெண் அவர்; 1990 ஜனவரியில் குழந்தை பிறந்தது; பிப்ரவரியில் வேலை போயிற்று. காரணம், சேரும்போது மாதவிலக்குத் தேதியைத் தவறாகக் குறித்து உண்மையை மறைத்தார் என்பது. 1991 அக்டோபரில் நீதிமன்றம் அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது. ஃபாரத்திலிருந்த அந்தக் கேள்விகள் அடக்கமுள்ள எந்தப் பெண்ணையும் கூசச் செய்பவை, நீக்குங்கள் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் காரணம் எங்கே போய் நிற்கிறது பாருங்கள்: கூச்சத்தில். கேள்வி அசிங்கமானது என்று சொன்னதும் எல்லோருக்கும் திருப்தி. அந்தத் தேதி ஒரு வேலைக்கு எதற்குத் தேவை என்பது பின்னுக்குப் போய்விடுகிறது.

அதற்குப் பத்து வருஷம் முன்பு, 1981 ஆகஸ்டில், ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் வழக்கில் நீதிபதி ஃபஸல் அலி எழுதிய தீர்ப்பைப் பெண்களின் வெற்றியாகவே பெரும்பாலும் குறிப்பிடுகிறார்கள். முதல் கர்ப்பத்தோடு வேலை முடிந்தது என்ற விதியை அது ரத்துச் செய்தது. அப்போது அதன் மொழி பெண்மைக்கு நேர்ந்த அவமானம் என்று கொதித்தது. அதே தீர்ப்பு, சேர்ந்து நான்கு வருஷத்துக்குள் கல்யாணம் செய்துகொண்டால் வேலை போகும் என்ற விதியை அப்படியே நிற்கவிட்டது. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு நல்லது, பெண்ணும் பக்குவப்பட்டிருப்பாள் என்று நியாயம் சொன்னது. அதே விமானத்தில் வேலை பார்த்த ஆண் பர்ஸர்கள் 58 வயது வரை இருக்கலாம். அவர்களுடைய பக்குவம் பற்றி விதி ஒன்றும் கவலைப்படவில்லை. அவர்கள் வேறு வகுப்பு என்றது நீதிமன்றம். பெண்மையைப் போற்றுகிற கையும் பெண்ணின் கல்யாணத் தேதியைக் குறிக்கிற கையும் ஒன்றுதான். போற்றிய பகுதிதான் மேற்கோளாகப் புழங்குகிறது.

இது பத்திரிகைக்காரர்களின் சோம்பல் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆபீஸைப் பற்றி நமக்குக் கதை வடிவமே இல்லை. தமிழ்ச் சினிமாவும் தொடர்கதைகளும் உருவாக்கிய வேலைக்குப் போகும் பெண்ணுக்கு எதிரி எப்போதும் வீட்டில் இருக்கிறான். பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' 1974ல் வந்தது. அதில் கவிதாவைத் தின்பது அவள் சம்பளத்தை நம்பியிருக்கும் குடும்பம்; ஆபீஸ் சம்பளம் வருகிற இடம். வீடு சிறை, ஆபீஸ் ஜன்னல் என்ற இந்த ஏற்பாடு நம் மனத்தில் ஊறிக் கிடக்கிறது. ஜன்னலே சாத்திக்கொள்கிறபோது செய்தி எழுதுகிறவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. பெண்ணை மறுபடி வீட்டு உருவமாக, தாயாக, கர்ப்பிணியாக ஆக்கினால்தான் அவனால் இரக்கப்பட முடிகிறது.

இதற்கு மாறான ஒரு எழுத்து 2024 ஜூன் 25ந் தேதி வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலை, தயாரிப்பு வேலைகளுக்குக் கல்யாணமான பெண்களைத் திட்டமிட்டு ஒதுக்குகிறது என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. இங்கே கையில் சுற்றறிக்கை எதுவும் கிடையாது. ஆள் எடுக்கும் ஏஜென்சிக்காரர்களிடம் பேசினார்கள். கல்யாணமாகாதவர்கள் மட்டும் என்று சொன்ன விளம்பரங்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் எடுத்துப் படித்தார்கள். வாசலில் காவலாளி கேட்ட கேள்வியைக்கூட ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டார்கள். உற்பத்தி நெருக்கடி வரும் மாதங்களில் இதே விதி தளர்ந்துவிடும் என்பதையும் கண்டார்கள். வீட்டுப் பொறுப்பு, கர்ப்பம், லீவு என்று சொல்லப்பட்ட காரணங்களெல்லாம் அவசரத்துக்குக் காணாமல் போகக்கூடியவை என்று அந்த ஒரு தகவல் காட்டிவிட்டது. இதைத்தான் நான் வாசிப்பு என்கிறேன். கம்பெனி குற்றச்சாட்டை மறுத்தது.

உறைக்கிற விஷயம் ஒன்று இதில் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் சென்னையிலிருந்து நாற்பது கிலோமீட்டர். கல்யாணம் ஆயிடுச்சா என்ற கேள்வி தமிழில்தான் கேட்கப்பட்டிருக்கும், பதிலும் தமிழில்தான். அது ஆங்கிலத்துக்குப் போய், உலகம் சுற்றி, மொழிபெயர்ப்புச் செய்தியாக நமக்குத் திரும்பி வந்தது. இடையில் அந்தச் சாலையில் தினமும் போய்வந்த தமிழ்ப் பத்திரிகை நிருபர்களுக்கு அந்தக் கேள்வி காதில் விழாமலா இருந்திருக்கும்? விழுந்திருக்கும். அது செய்தி என்று தோன்றியிருக்காது.

பிறகு எண்கள் வந்தன. அப்போது அமலில் இருந்த 1976ஆம் வருஷத்துச் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டி மத்திய அரசு மாநிலத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. புதிதாக எடுத்தவர்களில் 25 சதவிகிதம் கல்யாணமான பெண்கள் என்று கம்பெனி தரப்பில் ஒரு எண் வெளிவந்தது. ஆலைக்குப் போன அதிகாரிகள் வழியாக, உள்ளே இருக்கும் பெண்களில் சுமார் 8 சதவிகிதம் என்று இன்னொரு எண் வந்தது. எது சரி என்று விவாதித்தார்கள். இரண்டுமே உள்ளே போனவர்களின் கணக்கு. வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பற்றியது கேள்வி. அவர்களுக்கு எந்தப் பதிவேடும் கிடையாது. செய்தி அந்த இடத்தில் நின்று, இவை பதிலே அல்ல என்று சொல்லியிருக்க வேண்டும். எண்ணைக் கண்டதும் நம் பத்திரிகைகளுக்கு வந்துவிடுகிற பயபக்தி தடுத்துவிட்டது. அந்த நவம்பரில் இன்னொரு தகவல்: விளம்பரங்களில் வயது, பால், கல்யாணம் பற்றி எதுவும் போட வேண்டாம் என்று ஏஜென்சிகளுக்குச் சொல்லப்பட்டுவிட்டதாக ராய்ட்டர்ஸ் எழுதியது. வாக்கியம் இப்போது தாளில் இல்லை. காவலாளியின் வாயிலிருந்தும் போய்விட்டதா என்பதை இனி ஒரு விளம்பரத்தைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது.

நண்பர்களில் ஒருவர் இந்தக் கட்டுரையின் கைப்பிரதியைப் படித்துவிட்டு, "இது யூனியன் பத்திரிகைக்குப் போக வேண்டியது, இங்கே எதற்கு?" என்றார். ஒரு கவிதையில் 'ஆனால்' வருகிற இடத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதுகிறவர் அவர். அந்தப் பயிற்சி நம்மிடம் மட்டும்தான் இருக்கிறது என்பதால்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு வாக்கியத்தில் எழுவாய் இல்லாததைக் கவனிக்கவும், 'தற்காலிகமாக' என்ற சொல் எந்த வரிசையிலிருந்து வருகிறது என்று கேட்கவும் நமக்குத் தெரியும். ஆனால் அந்தச் சிரத்தையை நாம் ஒருவர் கவிதையை மற்றவர் அலசுவதற்கே செலவழிக்கிறோம். ஒருத்தியின் முப்பது வருஷத்தைத் தீர்மானிக்கிற வாக்கியத்தை மொழி சம்பந்தப்பட்ட விஷயமாக நாம் எடுத்துக்கொள்வதில்லை. நம்மில் பாதிப்பேர் பகலில் ஆபீஸில் அந்த வாக்கியங்களைத்தான் டைப் அடிக்கிறோம், ஃபைல் பண்ணுகிறோம், கீழே இனிஷியல் போடுகிறோம்.

ஆகவே ஆசிரியருக்கு ஒரு யோசனை. அடுத்த சுற்றறிக்கை வரத்தான் போகிறது. வரும்போது அதன் முழு வாசகத்தையும், நம்பரும் தேதியும் உட்பட, இந்தப் பத்திரிகையில் பிரசுரியுங்கள். ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் இருக்காது. எதிர்ப்பக்கத்தைக் காலியாக விட்டால், வேலை தெரிந்த யாராவது அதற்கு உரை எழுதுவார்கள். யாரும் எழுதாவிட்டால் நானே எழுதுகிறேன்.