ஆயா அழவில்லை

எங்கள் ஆயா எழுதிய ஒரே கதை ஏழு பக்கம். நாற்பது பக்க நோட்டு, மீதிப் பக்கங்களில் பால் கணக்கு. தொண்ணூறுகளின் நடுவில் தருமபுரி மாவட்டத்தில் எங்கள் ஊருக்கு அறிவொளி வகுப்பு வந்தபோது ஆயாவுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. கோயில் திண்ணையில் ராத்திரி வகுப்பு. பத்தாவது முடித்துவிட்டு வீட்டிலிருந்த பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் சம்பளம் இல்லாமல் சொல்லிக்கொடுத்தார். வகுப்பு முடியும் கட்டத்தில், "உங்களுக்கு நடந்தது எதையாச்சும் எழுதிக்கினு வாங்க" என்று அவர் சொல்ல, ஆயா எழுதினார்.

கதை இதுதான். புளி சீசன். மண்டியில் புளி தட்டிக் கொட்டை எடுக்கும் வேலை, நாள் கூலி. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கணக்குப் பார்த்துக் காசு தருவார்கள். ஆயா தினமும் வீடு திரும்பியதும் அடுப்படிச் சுவரில் கரியால் ஒரு கோடு போடுவார். ஒருமுறை சுவரில் பதினொரு கோடு, மண்டிக்காரர் நோட்டில் ஒன்பது நாள். ஆயா ஒன்பது நாள் கூலியை வாங்கிக்கொண்டு வந்து அன்றைக்குக் களி கிண்டினார். இது நாலு பக்கம்.

சில வருடங்களுக்கு முன்பு பெங்களூரில் ஐடி வேலை பார்க்கும் நண்பர்கள் ஏழெட்டு பேர் சேர்ந்து, எழுதக் கற்றுக்கொண்ட முதியவர்களின் கதைகளை நடிகர்களை வைத்து மேடையேற்றினோம். ஒரு சனிக்கிழமை, சின்ன அரங்கு, டிக்கெட் உண்டு. ஆயாவின் கதையை நடித்தவர் முறையாகப் பயிற்சி பெற்றவர், நல்ல நடிகை. ஒன்பது நாள் கூலியை முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பும் இடத்தில் அவர் உட்கார்ந்து அழுதார். விளக்கு மெல்ல அணைந்து, பின்திரையில் பெரிதாக 'அ' என்ற எழுத்து தெரிந்தது. எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்கும் கண் கலங்கியது.

ஊருக்குப் போனபோது போனில் அந்த வீடியோவை ஆயாவுக்குக் காட்டினேன். பார்த்து முடித்துவிட்டு ஆயா கேட்டார்: "நான் எங்கடா அழுதேன்?"

*

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது. பயில்வோர் எழுதும் கதையை நடிகர்கள் நடிக்கும்போது என்ன நடக்கிறது? யாருடைய கதை யாருடைய கதையாக மாறுகிறது?

அறிவொளி இயக்கத்துக்கும் நாடகத்துக்கும் உள்ள உறவை முதலில் பார்க்க வேண்டும். தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988இல் தொடங்கியது. 1990இல் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு 'பாரத ஞான விஞ்ஞான ஜாதா' என்ற கலைப்பயணம் நாடு முழுக்கப் போனது. தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் மாவட்ட நிர்வாகங்களும் சேர்ந்து அறிவொளியை நடத்தின. எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே வரிசைதான். முதலில் கலைக்குழு வரும். பாட்டு, பறை, முச்சந்தியில் வீதி நாடகம். கூட்டம் கூடும். பிறகுதான் பெயர்ப் பதிவு, அதன் பிறகு வகுப்பு. எழுத்துக்கு முன்னால் வந்தது நாடகம். படிக்காதவர்களிடம் நோட்டீஸ் கொடுத்துப் பயனில்லை என்பதால் இது கெட்டிக்கார ஏற்பாடு.

இந்த ஏற்பாடு வேலை செய்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியதைப் பள்ளிப் பாடமாகப் படித்தவர்கள் நம்மில் உண்டு. நெல்லை அறிவொளியில் இருந்த எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் அந்த அனுபவங்களை 'இருளும் ஒளியும்' என்று புத்தகமாகவே எழுதியிருக்கிறார். நம் இலக்கியத்தில் இவ்வளவு பேர், இவ்வளவு ஊருக்கு, இவ்வளவு ராத்திரிகள் போன இன்னொரு இயக்கத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆனால் அந்த நாடகங்களில் அடிக்கடி வரும் ஒரு ஆள் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் கைநாட்டு வைத்து நிலத்தை இழப்பார். தப்பான பஸ்ஸில் ஏறுவார். மருந்து பாட்டிலை மாற்றிக் குடிப்பார். சிரிப்போம், பிறகு பாவம் என்போம். கடைசியில் சிலேட்டோடு ஒருவர் வருவார். நடந்ததெல்லாம் இல்லையென்று சொல்ல மாட்டேன், கைநாட்டில் நிலம் போன குடும்பங்கள் எங்கள் ஊரிலேயே இருக்கின்றன. பிரச்சினை வேறு. அந்த நாடகத்துக்குள் எழுத்து தெரியாதவருக்கு மூளை இருக்க இடமில்லை. அவர் ஏமாந்தால்தான் சிலேட்டு உள்ளே வர முடியும்.

நாங்கள் பெங்களூரில் போட்டதும் அதே நாடகம்தான். நோட்டின் கடைசி மூன்று பக்கத்தை வெட்டியது நான்.

*

அந்த மூன்று பக்கத்தில் இருப்பது: மறுநாள் காலை ஆயா தன்னோடு உட்கார்ந்து புளி தட்டும் மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு மண்டிக்குப் போகிறார். ஒருத்தி சொல்கிறாள், "வியாழக்கெழம எம் புள்ளைக்குக் காய்ச்சல்னு நான் பாதியில போனேன், இவ இருந்தா." இன்னொருத்தி, "தூறல் போட்ட அன்னிக்கு சாக்க உள்ள இழுத்தது இவதான்." இப்படி நாள் நாளாகச் சொல்லி ஒன்பதைப் பதினொன்று ஆக்குகிறார்கள். மண்டிக்காரர் இரண்டு நாள் கூலியை எடுத்துக் கொடுக்கிறார். நாலு பேரும் அதோடு கிளம்பவில்லை. இனிமேல் தினமும் சாயந்திரம் நோட்டைச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும் என்கிறார்கள். "அதுலேர்ந்து அவர் படிப்பார். நாங்க கேட்டுக்குவோம்." கதை அங்கே முடிகிறது.

இதை ஏன் வெட்டினேன்? அப்போது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம் நேரம்: பன்னிரண்டு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். இப்போது யோசித்தால் காரணம் தெரிகிறது. எழுத்து தெரியாமலே ஜெயித்த கதை அது. சுவரில் கரிக்கோடு ஓர் எழுத்து. மூன்று பெண்களின் ஞாபகம் ஓர் ஆவணம். படித்த ஒருவனைத் தினமும் தங்களுக்காகச் சத்தமாகப் படிக்க வைத்தது, இன்றைக்குச் சமூகத் தணிக்கை என்று நாம் பெயர் வைத்திருக்கிற சமாச்சாரம். எழுத்தறிவைக் கொண்டாடும் நிகழ்ச்சியில் இதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எனவே நாலு பக்கத்தில் நிறுத்தி, மிச்சத்துக்குப் பதிலாக 'அ' போட்டேன்.

எங்கள் வேலையில் ஒருவர் எழுதிய கோடை இன்னொருவர் திருத்தினால் எழுதியவரின் ரிவ்யூ இல்லாமல் மெர்ஜ் ஆகாது. ஒரு வரி பிராக்கெட்டுக்குக் காட்டுகிற அந்த மரியாதையை நான் ஆயாவின் மூன்று பக்கத்துக்குக் காட்டவில்லை.

*

பெருவில் 1973இல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே அரசு நடத்திய எழுத்தறிவுத் திட்டத்தில் பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் வேலை செய்தார். பாவ்லோ ஃப்ரேயரேவின் சிந்தனை அந்தத் திட்டத்துக்கு அடிப்படை. போவாலின் முறை எளிது: பார்வையாளர் ஒருவர் தன் பிரச்சினையைச் சொல்வார், நடிகர்கள் அதை உடனே நடிப்பார்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று கூட்டம் சொல்லச் சொல்ல மாற்றி நடிப்பார்கள்.

ஒரு பெண் தன் கதையைச் சொன்னாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கணவன் சில காகிதங்களை முக்கியமான பத்திரங்கள் என்று சொல்லி அவளிடம் கொடுத்து வைத்திருந்தான். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரியிடம் காட்டிப் படிக்கச் சொன்னால், அத்தனையும் வேறொரு பெண் அவனுக்கு எழுதிய காதல் கடிதங்கள். கணவன் வீடு திரும்பப் போகிறான். என்ன செய்யலாம்?

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கூட்டத்தில் இருந்த பருமனான ஒரு பெண், மனைவி அவனிடம் தெளிவாகப் பேச வேண்டும் என்றாள். நடிகை பேசினாள். இல்லை, இன்னும் தெளிவாக, என்றாள். திரும்ப நடித்தார்கள். அப்போதும் அவளுக்குத் திருப்தி இல்லை. கடைசியில் பொறுமை போய் போவால் அவளையே மேடைக்குக் கூப்பிட்டார். அவள் ஏறி வந்து, துடைப்பத்தை எடுத்துக் கணவனாக நடித்தவரைச் சாத்திவிட்டு, பிறகு அவனைச் சோறு எடுத்து வைக்கச் சொன்னாள். 'தெளிவாக' என்பதற்கு அவள் அகராதியில் அதுதான் அர்த்தம். பார்வையாளரே மேடையேறும் மன்ற அரங்கு அங்கிருந்து பிறந்ததாக போவால் பின்னாளில் எழுதினார்.

நடிகை கெட்ட நடிகை இல்லை. சொல்லைச் சரியாகவே கேட்டாள். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்த உடம்பு அவளிடம் இல்லை. எங்கள் நடிகையிடமும் புளி தட்டிய கை இல்லை. அது அவர் குற்றமில்லை. சந்தேகம் வந்தபோது கேட்க எழுதியவர் அரங்கில் இல்லை என்பதுதான் குற்றம், அது எங்களுடையது. பெங்களூரிலிருந்து எங்கள் ஊருக்கு நாலு மணி நேரம்கூட ஆகாது.

இங்கிலாந்தில் வயது வந்தோர் கல்வியில் இதற்கு ஒரு நீண்ட பழக்கம் உண்டு. 1975 முதல் 1985 வரை 'ரைட் ஃபர்ஸ்ட் டைம்' என்று ஒரு பத்திரிகை வந்தது, முழுக்கப் புதிதாக எழுதக் கற்றவர்கள் எழுதியது. மான்செஸ்டரில் 1977இல் 'கேட்ஹவுஸ்' என்ற பதிப்பகமே இதற்காகத் தொடங்கியது. எழுத்துப் பிழையைத் திருத்துவதா, பேச்சு வழக்கை அப்படியே விடுவதா, எழுதியவர் சம்மதம் எந்தக் கட்டத்தில் வேண்டும் என்று அந்த வட்டாரங்களில் வாதம் ஓயவில்லை. நமக்கும் அந்த வாதம் தேவை. கற்றவர்களுக்காக நாம் நிறைய எழுதியிருக்கிறோம். கற்றவர்கள் எழுதியதைப் பிரதியாக மதித்து, அதற்கு விமரிசனம் எழுதியது மிகக் குறைவு. 'ஐம்பது வயசுல எழுதிட்டாங்களே' என்று கைதட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தக் கைதட்டலில் கொஞ்சம் அவமரியாதையும் இருக்கிறது.

*

தருமபுரிக்கு மேடை ஒரு சிக்கலான விஷயம். தொண்ணூறுகளின் கடைசியில் பெண் சிசுக்கொலைக்கு எதிராக இங்கே பெரிய கலைப்பயணம் ஒன்று கிராமம் கிராமமாகப் போனது. டென்மார்க் நிதி உதவியோடு நடந்த சுகாதாரத் திட்டத்தின் பகுதி அது. அவசியமான வேலை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்: நாடகத்தில் குற்றவாளியாக வரும் பெண்ணும் பார்வையாளராக மண்ணில் உட்கார்ந்திருக்கும் பெண்ணும் ஒரே ஆளாக இருந்திருக்கலாம். அவள் தன் கதையை எழுதியிருந்தால் அதில் யார் யார் இருந்திருப்பார்கள்? மாமியார், வரதட்சிணை, குடித்துவிட்டு வரும் கணவன், ஒரு ராத்திரி. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி: 68.5 சதவீதம், பெண்களில் 60. மீதி நாற்பது பேரின் கதையை எப்போதும் வேறு யாரோதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எழுத்தில்லாத பார்வையாளர்களைக் குறைத்து எடை போட முடியாது என்பதற்கு இதே மண்ணில் சாட்சி இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில்களில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கும். ராத்திரி தெருக்கூத்து. வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் ஒரு புத்தகமும் படித்ததில்லை. ஆனால் ஒரு காட்சி விட்டுப்போனால் வாத்தியாரை விட மாட்டார்கள். துரியோதனன் படுகளத்தில் ஒரு அடி குறைந்தால் காலையில் டீக்கடையில் பேச்சு அதுதான். இதைவிடக் கறாரான விமரிசகர்களை நான் எந்த இலக்கியக் கூட்டத்திலும் பார்த்ததில்லை. கூத்தில் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது: கட்டியங்காரன். ராஜாவையே நிறுத்தி, 'நீ யாரு, எங்கேர்ந்து வர?' என்று கேட்க அவனுக்கு உரிமை உண்டு. எங்கள் மேடையில் அப்படி ஒருவர் இல்லை. இருந்திருந்தால் நடிகை அழ உட்காரும்போது, 'ஏம்மா, நோட்டுல மூணு பக்கம் பாக்கி இருக்குதே' என்று கேட்டிருப்பார்.

நடிகர்கள் இந்தக் கதைகளை நடிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல குரல் கதையைத் தூக்கிக்கொண்டு போகும். ஆயாவால் போக முடியாத ஊருக்கு அவர் கதை போனது அந்த நடிகையால்தான். ஆனால் ஒத்திகையில் எழுதியவர் இருக்க வேண்டும். வெட்டுவதானால் அவரைக் கேட்டு வெட்ட வேண்டும். எழுதியவர் அழாத இடத்தில் நடிகர் அழக் கூடாது. நம் கண்ணீர் வேண்டுமானால் நம் கதைக்கு வரட்டும்.

*

வீடியோ பார்த்த அன்று ராத்திரி சாப்பிடும்போது ஆயா திரும்ப அதைப் பற்றிப் பேசினார்.

"அந்தப் பொண்ணு நல்லாத்தான் பண்ணுச்சு. அதுக்கு காசு குடுத்தீங்களா?"

"குடுத்தோம் ஆயா."

"வாடக?"

"அதுவும் குடுத்தோம்."

"பாக்க வந்தவங்க காசு குடுத்துதான வந்தாங்க?"

"ஆமா."

ஆயா தட்டிலிருந்த களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "எனக்கு எவ்ளோடா எழுதியிருக்கீங்க?"

எங்கள் எக்செல் ஷீட்டில் அப்படி ஒரு வரியே இல்லை. அதை அவரிடம் சொன்னேன்.

"சரி, அடுத்த வாட்டி வரும்போது அந்த நோட்ட எடுத்துக்கினு வா," என்றார். "சத்தமா படி. நான் கேக்கறேன்."