மலிவின் விலை

வீட்டில் திரைப்படம் பார்க்க ஒரு குடும்பம் எவ்வளவு செலவிடலாம் என்னும் வினா புதியதன்று. 1980களில் நம் ஊர்களில் வீடியோ டெக்கையும் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்தார்கள். தனியொரு குடும்பத்திற்கு அது பெருஞ்செலவு. ஆகவே அண்டை வீட்டார் செலவைப் பங்கிட்டுக்கொண்டு, விடியுமுன் இரண்டு மூன்று படங்களைப் பார்த்து முடித்தனர்.

2019 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் இந்தியாவில் மாதம் 199 ரூபாய்க்கு ஒரு திட்டத்தை அறிமுகம் செய்தது. 2021 டிசம்பரில் அக்கட்டணத்தை 149 ரூபாயாகக் குறைத்தது. ஆனால் அத்திட்டம் கைப்பேசிக்கும் டேப்லெட்டுக்கும் மட்டுமே உரியது. ஒரு நேரத்தில் ஒரு திரையில்தான் படம் ஓடும். முன்பு கூடிப் பார்த்ததால் செலவு குறைந்தது. இங்கோ தனித்துப் பார்ப்பதால் குறைந்தது.

பழைய முறையைப் புகழ்வது நம் நோக்கமன்று. அன்று படங்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் பெரும்பாலும் ஆண்களே. தனக்குப் பிடித்த படத்தைத் தானே தெரிவு செய்து பார்க்கும் உரிமை இன்று மகளுக்கும் கிடைத்திருப்பது நன்றே.

எனினும், நால்வர் நான்கு கைப்பேசிகளில் மூழ்கியிருக்கும் வீட்டில், "அவன் செய்தது நியாயமா?" என்று கேட்பாரில்லை. படத்தை எடைபோடும் திறன் அத்தகைய கேள்விகளில்தான் வளர்கிறது. ஆகவே சந்தா கட்டுமுன், அது எத்தனை பேரை ஒரே திரைமுன் அமர்த்தும் என்பதையும் கணக்கிடுவோம். வாரம் ஒரு படம், முறைவைத்து ஒவ்வொருவரின் தெரிவாக அமையட்டும்; பார்த்த பின் அதைப் பற்றிப் பேசுவோம். அதற்காகச் சில ரூபாய் கூடுதலாகச் செலவிடுவது வீண் அன்று.