வெள்ளிக்கிழமைச் சால்னா

சால்னாவுக்குக் கறி தேவையே இல்லை. மதுரையில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதத் துணிச்சல் வேண்டும். கறி தோசைக்கும் சுக்கா வறுவலுக்கும் பேர்போன ஊர், முக்குக்கு முக்கு புரோட்டாக் கல் காய்கிற ஊர். ஆனாலும் சொல்கிறேன். எலும்பு இல்லாமல், கோழி இல்லாமல், முட்டைகூட இல்லாமல், வேலைக்குப் போய்விட்டு அலுத்துச் சலித்து வீடு திரும்புகிற ராத்திரியில், அரை மணி நேரத்துக்குள் எங்கள் வீட்டுக் குக்கரிலிருந்து இறங்குகிற சால்னாவைப் போல ஒரு வெஞ்சனம் இந்த உலகத்திலேயே கிடையாது. கூட்டித்தான் சொல்கிறேன். இருக்கட்டும், சாப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

கடைகளில் இதை எம்ப்டி சால்னா என்பார்கள். கறித்துண்டு போடாத, வெறும் சால்னா. வாளியோடு வருவார்கள், இலையில் புரோட்டாவைப் பிச்சுப் போட்டதும் மேலே ஊற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். “அண்ணே, இன்னும் கொஞ்சம் சால்னா” என்றால் முகம் சுளிக்காமல் திரும்பி வந்து ஊற்றுவார்கள். ஆனால் அந்த அண்டாவில் எலும்பு வெந்த தண்ணீர் கலந்திருக்கிறதா, இல்லையா என்பது கடைக்குக் கடை மாறும். எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் கவிச்சி கிடையாது. புரட்டாசி வந்தால் மாசம் முழுக்கக் கிடையாது. கார்த்திகையில் யாராவது மாலை போட்டுவிட்டால் அதுவும் சேர்ந்துகொள்ளும். நாக்குக்கு இந்தக் கிழமைக் கணக்கெல்லாம் தெரியுமா என்ன? வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குப் பார்த்துத்தான் அதற்குச் சால்னா ஞாபகம் வரும்.

சூட்சுமமெல்லாம் வாசனைச் சாமானில் இருக்கிறது. கறியின் ருசி என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி, கறியுடையதே அல்ல. அது கல்பாசி, சோம்பு இவற்றின் வேலை. கீழமாசி வீதியில் மொத்த மளிகைக் கடைகள் இருக்கிற பக்கம் ஒருமுறை நடந்து பாருங்கள், மூக்கே ஒத்துக்கொள்ளும். கல்பாசி 50 கிராம் வாங்கினால் பை நிறைந்துவிடும், அத்தனை லேசு. மலைப்பக்கத்து மரங்களிலும் பாறைகளிலும் படர்கிற பொருள் அது. பார்க்கக் காய்ந்த பட்டைச் சருகுதான். மோந்து பார்த்தாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. சூடான எண்ணெயில் ஒரு சிட்டிகை விழட்டும், அப்புறம் பாருங்கள்! அடுப்படியில் கிளம்புகிற மணம் வாசல் தாண்டித் தெருவுக்குப் போய்விடும்.

சோம்பு இருக்கிறதே, அது நம் சீரகம், மல்லி குடும்பத்துச் செடி. அன்னாசிப்பூவோ சீனாவிலும் வியட்நாமிலும் வளர்கிற ஒரு மரத்தின் காய். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் இரண்டுக்கும் மணம் கொடுப்பது அனெத்தோல் என்கிற ஒரே சங்கதி. அதனால்தான் ஒன்றை ஒன்று தூக்கிக் கொடுக்கிறது. அன்னாசிப்பூவில் இரண்டு மூன்று இதழ் போதும், முழுப்பூவைப் போட்டால் மருந்து வாடை வந்துவிடும். கசகசா இல்லாமல் சால்னாவா என்று கேட்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. கசகசா விற்கிற விலைக்கு ஒரு வாரத்துக் காய்கறி வாங்கலாம். போதாக்குறைக்கு, பெட்டியில் வைத்துக்கொண்டு துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ விமானம் ஏறினால் வம்பு, அங்கே அது தடை செய்யப்பட்ட சாமான். பொரிகடலை ஒரு கரண்டி அந்த வேலையைக் கச்சிதமாகப் பார்த்துவிடும்.

இனி அடுப்படிக்கு வாருங்கள். நாலு பேருக்குச் சொல்கிறேன். குக்கரில் 3 கரண்டி கடலெண்ணெய். எண்ணெயில் கை இழுப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம், அவர்களுக்கு ரசம் இருக்கிறது. எண்ணெய் காய்ந்ததும் சின்னத் துண்டு பட்டை, 2 கிராம்பு, அன்னாசிப்பூ இதழ், கல்பாசி, அரை ஸ்பூன் சோம்பு. பொரிந்தவுடன் நீளவாக்கில் அரிந்த 2 பெரிய வெங்காயம், கீறின பச்சை மிளகாய் 2, ஒரு கொத்து கறிவேப்பிலை, கொஞ்சம் புதினா. உப்பையும் இப்போதே போட்டுவிடுங்கள், வெங்காயம் தண்ணீர் விட்டுச் சீக்கிரம் வதங்கும். வெங்காயத்தின் ஓரம் சிவக்கிற வரைக்கும் பொறுக்க வேண்டும். மொத்தச் சமையலில் பொறுமை தேவைப்படுகிற ஒரே இடம் இதுதான். அந்த நேரத்தில் மிக்ஸியில் அரை மூடித் தேங்காயில் பாதியைப் பல்லுப் பல்லாகக் கீறிப் போட்டு, பொரிகடலை ஒரு கரண்டி, சோம்பு ஒரு ஸ்பூன், தண்ணீர் விட்டு நைசாக அரைத்துக்கொள்ளலாம்.

அடுத்து இஞ்சி பூண்டு விழுது. பச்சை வாசம் போனதும் 3 தக்காளி. நாட்டுத் தக்காளிதான் வேண்டும். பெங்களூர்த் தக்காளி அழகாக இருக்கும், நாலு நாள் தாங்கும், ஆனால் புளிப்பும் சாறும் நாட்டுத் தக்காளிக்குக் கிட்டே வராது. நான் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அண்ணா நகர் உழவர் சந்தையில் வாங்கி வைத்துவிடுவேன். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை அது, 1999 நவம்பர் 14ஆம் தேதி திறந்தார்கள். வெங்காயம் மொத்தமாக வேண்டுமென்றால் கீழமாரட் வீதி. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் போனபோதுகூட எங்கள் வீட்டில் சால்னா நிற்கவில்லை. ஒரு தக்காளியும் அரைக் கரண்டி புளித்த தயிருமாக ஓட்டினேன், அதுவும் ஒரு ருசியாகத்தான் இருந்தது.

தக்காளி குழைந்ததும் அடுப்பைக் குறைத்துவிட்டு மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் ஒன்றரை ஸ்பூன், மல்லித்தூள் 2 ஸ்பூன். தூளை எண்ணெயில் ஒரு நிமிஷம் பிரட்டியே ஆக வேண்டும். மிளகாயின் சிவப்பு எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் கரையாது. கடைச் சால்னாவின் மேலே செக்கச்செவேல் என்று மிதக்கிறதே ஒரு எண்ணெய், அது பிறக்கிற இடம் இதுதான். நேராகத் தண்ணீரில் தூளைக் கொட்டுகிறவர்களுக்கு அது கடைசிவரை கிடைக்காது. பிறகு அரைத்த விழுது, மிக்ஸி கழுவின தண்ணீர், அதற்கு மேல் 4 டம்ளர் தண்ணீர். மூடி போட்டு 3 விசில்.

இந்தக் குக்கருக்குக் கோயில் கட்டலாம். திறந்த சட்டியில் எவ்வளவு எரித்தாலும் தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதித்துக்கொண்டிருக்கும். குக்கருக்குள் அழுத்தம் ஏறுவதால் சூடு சுமார் 120 டிகிரி வரை போகிறது. கடைக்காரர் அண்டாவில் மணிக்கணக்காகக் கொதிக்கவிட்டு எடுக்கிற குழைவு, இங்கே சில நிமிஷத்தில் வந்துவிடுகிறது. வெங்காயமும் தக்காளியும் இருந்த இடமே தெரியாது. விசில் அடங்கியதும் மூடியை அவசரப்பட்டுத் தூக்காதீர்கள், அழுத்தம் தானாக இறங்கட்டும். அதற்குள் தோசைக்கல்லைக் காயவைக்கலாம், தட்டைக் கழுவலாம், பிள்ளையின் வீட்டுப்பாட நோட்டைப் பார்க்கலாம். திறந்தால், அடடா! மேலே மெல்லிசாகச் சிவப்பு எண்ணெய், அடியில் பொன்னிறச் சாறு, கிள்ளிப்போட்ட மல்லித்தழை அந்தச் சூட்டிலேயே வாடி மணக்கும்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒரு வெள்ளிக்கிழமை சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே குரல் கொடுத்தார். “ஏத்தா, வெள்ளிக்கெழமையும் அதுவுமா கறி வாசம் தூக்குதே, என்னா விசேஷம்?”

“கறி இல்ல பெரியம்மா, வெறும் சால்னா.”

நம்பவில்லை. கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன். கரண்டியை விட்டு அடிவரைக்கும் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தார். இப்போது அவர் வீட்டிலும் கல்பாசி டப்பா இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சால்னா தண்ணியாகத்தான் இருக்க வேண்டும். முந்திரியைக் கொட்டி, தேங்காயைக் கொட்டி, கரண்டி நட்டால் நிற்கிற மாதிரி ஒன்றைச் செய்துவைத்துவிட்டுச் சால்னா என்று பெயர் சொல்கிறார்களே, அது குருமா. குருமாவைத் தொட்டுக்கொள்ளலாம். சால்னாவில் ஊற வேண்டும். புரோட்டாவை வீசி, சுருட்டி, அடுக்கடுக்காகத் தட்டிப் போடுவதே இந்தச் சாறு இண்டு இடுக்கெல்லாம் இறங்கத்தான் என்பது என் அசைக்க முடியாத நம்பிக்கை. மலேசியாவில் ரொட்டி சனாய்க்குப் பருப்புக் கறி ஊற்றுகிறார்கள். நல்லாத்தான் இருக்கும், குறை சொல்லவில்லை. ஆனால் சால்னா கண்டவர்களுக்கு அது போதுமா?

புரோட்டாவை வீட்டில் போடுகிற வேலையெல்லாம் நமக்கு வேண்டாம். தெருமுனைக் கடையில் “புரோட்டா மட்டும் கட்டுங்கண்ணே” என்றால் கட்டிக் கொடுப்பார்கள். சில கடைகளில் மாவிலேயே முட்டை சேர்ப்பதுண்டு, விரதக்காரர்கள் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். விருதுநகர்க்காரர்கள் எண்ணெயில் பொரித்து எடுக்கிற புரோட்டாவை நொறுக்கிப் போட்டு இதை ஊற்றினால், அந்த மொறுமொறுப்பு பாதி கரைந்தும் பாதி கரையாமலும் இருக்கிற அந்த ஒரு நிமிஷத்துக்காகவே அங்கேயிருந்து பார்சல் கட்டிக்கொண்டு வரலாம். புரோட்டா இல்லையா, தோசை. தோசை இல்லையா, இடியாப்பம். மத்தியானச் சோறு மிச்சம் இருந்தால் அதுகூடப் போதும். என் வீட்டுக்காரர் கடைசியில் தட்டைச் சாய்த்து வழித்துக் குடிப்பார், நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

ராத்திரி ருசியைவிட மறுநாள் காலை ருசி இன்னும் ஒரு படி மேலே. மசாலா நன்றாக ஊறி இறங்கியிருக்கும், சூடான இட்லியை அதில் முக்கி எடுத்தால் சட்னி பக்கமே கை போகாது. என்ன, அதற்கு மிச்சம் இருக்க வேண்டுமே! அதனால் பரிமாறுவதற்கு முன்னாலேயே ஒரு டம்ளர் எடுத்து, ஃப்ரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிடுவேன். மேலே ஒரு கிண்ணம் மோரை மூடி மாதிரி வைத்துவிட்டால் ஒருத்தரும் தொடுவதில்லை.