லால்பாக் பாறையில் ஒரு நடை

பெங்களூரு லால்பாக்கில் காலையில் நடக்கும் பலருக்குக் காதில் பாட்டு, கையில் போன். எனக்குப் பிடித்தது, பேச்சில்லாமல் கெம்பேகௌடா கோபுரம் நிற்கும் பாறைமேல் மெல்ல ஏறுவது. சுமார் 300 கோடி ஆண்டுப் பழமையான பாறை! குதிகால் பதிகிறது, பாதம் படிகிறது, விரல்நுனி தரையை விடுகிறது. ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது. மனம் ஆபீசுக்கு ஓடும். ஓடட்டும், அதைக் கவனித்து மறுபடி பாதத்துக்கு வந்தால் போதும். பௌத்தர்களின் சதிபட்டான சூத்திரம் நடப்பதோடு உண்பதையும் உடுத்துவதையும்கூடத் தியானத்தில் சேர்க்கிறது. காந்திநகர் மகாபோதி சங்கத்தை ஆச்சாரிய புத்தரக்கித 1956-இல் தொடங்கியதால், அந்த மரபு இந்த ஊருக்கும் பழக்கமானதே. சம்மணமிட்டால் முழங்கால் வலிக்கும் பெரியவர்களுக்கு இந்த நடையைவிட நல்ல தியானம் இல்லை என்பேன். வெயில் ஏறினால் பாறை சுடும், விடிந்ததுமே போய்விடுங்கள்.