குறைமாதக் குழந்தையின் வலியும் ஒரு சுழிப்பிழையும்

ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியை எடுத்ததும் முதலில் என்ன செய்வீர்கள்? சுழிப்பிழை உண்டா என்று பார்ப்பீர்கள் அல்லவா? அதைக் கழிக்காமல் எழுதிய விடைக்கு நான் மதிப்பெண் தருவதில்லை. அதே கண்ணோடு மருத்துவர்களின் அளவுகோல் ஒன்றைப் பார்ப்போம்.

குறைமாதக் குழந்தையால் வலியைச் சொல்ல இயலாது. சொல்லாததால் வலியே இல்லை என்று நெடுங்காலம் பலர் கருதினர். 1980களில்கூட மேலை நாடுகளில் போதிய வலிநீக்கி இன்றி இச்சிசுக்களுக்கு அறுவை நடந்தது. 1987இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆனந்தும் அவருடன் பணியாற்றியோரும் செய்த ஆய்வில், ஃபென்டனில் என்னும் வலிநீக்கி பெற்ற குழந்தைகளின் உடல், அறுவையின் அதிர்ச்சிக்குக் குறைவாகவே ஆட்பட்டது; பின்விளைவுகளும் குறைந்தன.

சரி, வலியை அளப்பது எப்படி? 1996இல் கனடாவின் போனி ஸ்டீவன்சும் குழுவினரும் 'பிப்' என்ற அளவுகோலை வெளியிட்டனர். குதிகாலில் ஊசி குத்தியபின் 30 விநாடி கவனிக்க வேண்டும். இதயத்துடிப்பு கூடியதா, இரத்த ஆக்சிஜன் குறைந்ததா, புருவம் புடைத்ததா, கண் இறுகியதா, மூக்கோரம் மடிப்பு விழுந்ததா என்னும் ஐந்துடன் கருவயதும் உறக்க விழிப்பு நிலையும் சேர்ந்து ஏழு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 21.

கருவயதுக்கு ஏன் மதிப்பெண்? மிகவும் குறைந்த மாதத்தில் பிறந்த குழந்தை, வலித்தாலும் முகத்தை அதிகம் சுருக்காது. உறங்கும் குழந்தையும் அப்படியே. அதற்கு ஈடாகவே இவை. நல்ல நோக்கம்தான். ஆனால் 28 வாரம் நிறையுமுன் பிறந்து, அமைதியாக உறங்கும் குழந்தைக்கு வயதுக்கு 3, உறக்கத்துக்கு 3. யாரும் தொடாமலே 6! நம் சுழிப்பிழையேதான்.

2014இல் இதைத் திருத்தினர். மற்ற ஐந்தில் ஏதேனும் மாறினால் மட்டுமே இவ்விரண்டையும் கூட்டலாம். கணக்கு நேரானது. ஆனால் வலித்தும் அசையாத குழந்தைக்கு இப்போது 0. ஈடு கொடுக்கப் புறப்பட்டது அந்தக் குழந்தைக்காகத்தானே?

இது வெறும் கற்பனையன்று. லண்டனில் ஸ்லேட்டர் குழுவினர் அகச்சிவப்புக்கு அண்மைய ஒளியைத் தலையில் செலுத்தி, மூளையின் இரத்த ஓட்ட மாறுதலை அளந்தனர். (நம் ஒளியியல் போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள்!) முகம் மாறாத சில குழந்தைகளிலும் மூளை மறுவினை காட்டியதை 2008இல் வெளியிட்டனர்.

அளவுகோலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. படுக்கையருகே நிற்கும் தாதிக்கு ஏதோ ஒன்று கையில் வேண்டும். இது கவனத்துடன் உருவாக்கப்பட்டதே. ஆனால் அட்டவணையை அச்சிடும் பொறுப்பு என்னிடம் இருந்தால், அடியில் ஒரு வரி சேர்ப்பேன்: '0 என்றால் முகமும் நாடியும் மாறவில்லை என்று மட்டுமே பொருள்.'