சீசன் விலை: ஒரு ஸ்டிக்கர்ப் பிரதியை வாசித்தல்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் விடுதி வாடகை ஏறும். கேட்டால் ‘சீசன்ல அப்படித்தான் அண்ணாச்சி’ என்பார்கள். இந்த ஒரு வரிக்குள் ஒரு பொருளாதாரக் கதையாடலே இருக்கிறது. மழை இயற்கை, ஆகவே வாடகையும் இயற்கை. மனிதர்கள் எடுத்த முடிவு பருவநிலையாக வேஷம் கட்டிக்கொள்கிறது.

2020-22இல் கணினி கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கு வந்த பஞ்சமும் இப்படியொரு ‘சீசனாக’த்தான் நமக்குச் சொல்லப்பட்டது. கோவிட் காலத்துச் சில்லுத் தட்டுப்பாடு நிஜம்தான். ஆனால் 2020 செப்டம்பரில் 699 டாலர் என்று அறிவிக்கப்பட்ட என்விடியா ஆர்டிஎக்ஸ் 3080, ‘பாட்’ எனப்படும் தானியங்கி நிரல்களால் வளைத்துப் பிடிக்கப்பட்டு, மறுவிற்பனையில் இருமடங்குக்குப் போனதே, அதுவும் மழையா? எதீரியம் நாணயம் தோண்டியவர்கள் இன்னொரு பக்கம் கார்டுகளை மொத்தமாக அள்ளினார்கள். 2022இல் நாணய மதிப்பு சரிந்து, செப்டம்பரில் தோண்டும் முறையே கைவிடப்பட்டபோது, பழைய கார்டுகள் சந்தையில் வந்து கொட்டின.

தியேட்டர் வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்றவனுக்கு முகம் இருந்தது. போலீஸ் அடியும் இருந்தது. நிரலுக்கு இரண்டும் இல்லை. அமெரிக்காவின் 2016ஆம் ஆண்டு பாட் தடைச் சட்டமும் நிகழ்ச்சி டிக்கெட்டோடு நின்றுவிடுகிறது.

‘நம்மகிட்ட எம்.ஆர்.பி. இருக்கே’ என்று தோழர்கள் கேட்கலாம். பிரதியைக் கவனமாக வாசிக்க வேண்டிய இடம் இதுதான். 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி, அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது குற்றம். அச்சிடுகிறவர் யார்? வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதியாளர். அத்தியாவசிய மருந்துகளுக்கு அரசு விதிக்கும் உச்சவரம்பு போல இதற்கு எதுவும் கிடையாது. ஆக, பஞ்சத்தின் லாபம் ஸ்டிக்கருக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். சட்டத்தின் ஓர் எழுத்தும் மீறப்படாது.

தென்காசிக்கும் இதற்கும் என்ன? மத்தளம்பாறையில் 2011 முதல் ஸோகோ இயங்குகிறது. கிராமத்திலிருந்தே உலகத்துக்கு நிரல் எழுதலாம் என்ற நம்பிக்கை இங்கே வேரூன்றியிருக்கிறது. ஆனால் முப்பரிமாண அசைபடமோ இயந்திரக் கற்றலோ வீட்டிலிருந்து பழக நினைக்கும் பீடித் தொழிலாளியின் மகளுக்கு அறிவு மட்டும் போதாது, கார்டும் வேண்டும். விலையேற்றம் தீர்மானிப்பது யார் விளையாடுவது என்பதை மட்டுமல்ல. யார் கற்பது என்பதையும்தான்.

இயற்கை நீரோட்டத்தைத் திருப்பித் தனியார் விடுதிகள் உண்டாக்கிய செயற்கை அருவிகளுக்கு எதிராக 2022இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அங்கே கேள்வி தண்ணீரைத் திருப்பிய கையைப் பற்றியதாக இருந்தது. நம் எழுத்துக்கும் அந்தக் கேள்வி வேண்டும். ‘தட்டுப்பாடு ஏற்பட்டது’ என்பது தன்வினை. ‘ஏற்படுத்தினார்கள்’ என்று பிறவினையில் எழுதிப் பாருங்கள். எழுவாயைத் தேடியே ஆக வேண்டிவரும்.