நான்கு பெட்டிகளும் ஒரு தோலும்

வாத்தியங்களைப் பற்றிய எந்தப் பாடநூலைப் பிரித்தாலும் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று நான்கு பெட்டிகள். நாட்டிய சாஸ்திரமும் நான்காகத்தான் பிரித்தது. ஒலி எதிலிருந்து பிறக்கிறது என்பதே அளவுகோல். சரி. அந்த ஒலியை எழுப்புகிற கை யாருடையது என்ற கேள்விக்கு இப்பெட்டிகளில் இடமே கிடையாது.

பறையும் மிருதங்கமும் ஒரே பெட்டி. மிருதங்கத்தில் மாடு, எருமை, ஆடு என மூன்றின் தோலும் உண்டு. அப்புறம் ஏன் ஒன்று சபாவுக்கும் மற்றது சாவு வீட்டுக்கும் போனது? தீட்டு தோலில் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? திணைதோறும் ஒரு பறையைக் கருப்பொருளாக வைத்தது தொல்காப்பியம். அன்றைய பொதுப்பெயர் பின்னால் சாதியின் அடையாளமாக இறுகிப்போனது.

மிருதங்கத்துக்குள்ளேயே இன்னொரு கோடு ஓடுகிறது. அதைச் செய்பவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். மேடையில் வாசித்துப் பேர் வாங்கியவர்களில் பெரும்பாலோர் பிராமணர்கள். டி.எம். கிருஷ்ணா இதை 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூலாக எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. தோலின் நாதம் வேண்டும், தோலின் கதை கூடாது.

பறைக்கு 'நாட்டுப்புறக் கலை' என்று புதுப் பெட்டி செய்து கொடுப்பதையும் இதே சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. வகைப்படுத்துகிறவர்கள் இனி உரித்தவர், கட்டியவர், அடித்தவர், கேட்டவர் என்றும் நான்காகப் பிரித்துப் பார்க்கட்டும். எந்தப் பெட்டியில் யார் இருக்கிறார்கள் என்பது அப்போது தெரியும்.